வைத்தது நகம், நகை அல்ல

அஸ்தினாபுரம்,
திங்கட்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் சத்தியநாதன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சந்திரிகாவின் கணவன் ஏகநாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. கேளம்பாக்கத்தில் நீங்களும் ஜெயக்கொடி அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சௌக்கியத்தைப் பற்றி நீங்கள் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து பம்மல் வரைக்கும் எல்லோரும் அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் புண்ணியத்தில்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்று கேட்க, அது மறுபடி ஊர்வலம் கிளம்பினால் என் உடம்பு தாங்காது. உங்கள் பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்த காது மெஷினை நீங்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அந்துருண்டையோடு வைத்துப் பூட்டியிருப்பது எனக்குத் தெரியும். ஆகவே எழுத்தில் சொல்கிறேன், கொட்டை எழுத்தில் சொல்கிறேன். உங்கள் தங்கை வைத்தது நகம். ந, க, ம். நகை இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சந்திரிகாவின் நகம் எப்போதுமே சன்னம். போர் தண்ணீரும் பாத்திர சோப்பும் சேர்ந்து அதை இன்னும் சன்னமாக்கின. போதாததற்குப் போன மாதம் ஒரு வளைகாப்புக்குப் போகும்போது எங்கள் பெண் தமிழினி ஆன்லைனில் ஒட்டு நகம் வாங்கி, பத்து விரலிலும் பசை தடவி ஒட்டிவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தோசை மாவு கரைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் சந்திரிகா அவற்றைப் பட்பட்டென்று பிய்த்துப் போட்டாள். ஒட்டு நகத்தோடு சொந்த நகத்தின் மேல் பரப்பும் பொருக்குப் பொருக்காக உரிந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து புளி கரைத்தால் எரிச்சல், புடவைக் கொசுவம் வைத்தால் நூல் மாட்டுகிறது. இந்த லட்சணத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை தமிழினிக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது கைகளை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுக்கப் போவதாக வீடியோக்காரர் சொல்லிவிட்டுப் போக, "எங்கம்மா கை அப்படித் தெரியக் கூடாது" என்று தமிழினி ஒற்றைக் காலில் நின்றாள். கடையில் போய் முறையாக நகம் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

இந்த நல்ல சமாச்சாரத்தை உங்களிடம் சொல்லத்தான் வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் தங்கை போன் செய்தாள். உலகமே நெயில் என்கிறது. இவள் மட்டும் நல்ல தமிழில் நகம் என்றாள். அது ஒன்றுதான் அவள் செய்த குற்றம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு அர்த்தம்.

"அண்ணா, நான் நகம் வைக்கப் போறேன்."

"ஐயோ, ஏம்மா? அப்படி என்ன கஷ்டம்?"

"ரொம்பக் கஷ்டம்ணா. தினம் கண்ணுல தண்ணி வருது."

"எல்லாத்தையுமா வைக்கிற?"

"வெச்சா பத்தையும் வெச்சுடணும்ணா. ஒண்ணு ரெண்டு மட்டும் வெச்சா நல்லாவா இருக்கும்?"

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவர்தான் கூட்டிட்டுப் போறார், குரோம்பேட்டைக்கு."

"திரும்ப எப்பம்மா எடுப்ப?"

"விசேஷம் முடிஞ்சதும் எடுத்துடுவேன். ரொம்ப நாள் விடக் கூடாதாம்ணா, விட்டா நம்மளுதும் சேர்ந்து போயிடுமாம்."

நீங்கள் பெருமூச்சு விட்டு, "தைரியமா இரும்மா" என்றீர்கள். நகம் வைக்கப் போகிற பெண்பிள்ளைக்கு எதற்கு ஐயா தைரியம்? அந்த இடத்திலாவது எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பாசக்கார அண்ணன் என்று நினைத்துப் பட்டாணியில் மூழ்கிவிட்டேன்.

மறுநாளே போய் முடித்துவிட்டு வந்திருந்தால்கூட வதந்திக்கு இவ்வளவு அவகாசம் கிடைத்திருக்காது. வெள்ளிக்கிழமை நகத்தில் அரம் படக் கூடாது என்று உங்கள் தங்கை மறுத்துவிட்டாள். வெட்டத்தானே கூடாது, வைப்பதற்கு என்ன என்று கேட்டேன். "வைக்கறதுக்கு முன்னாடி ராவுவாங்களே" என்றாள். ஆக, சனிக்கிழமைதான் போனோம்.

கடை குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. ஸ்நேகா என்றொரு பெண், வாய்க்கு மாஸ்க், கையில் அரம். சந்திரிகாவின் கையைத் திருப்பிப் பார்த்தவுடனே, "இன்னா ஆன்ட்டி இது, அப்பளம் மாதிரி கீது? யாரு இப்டி பிச்சாங்க?" என்றாள். மச்சான், ஒரு நகத்துக்கு உலகத்தில் இத்தனை வைத்தியம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்ரிலிக் என்று ஒன்றாம். பொடியைத் திரவத்தில் குழைத்து நகத்தின் மேல் அப்புவார்களாம், கல்லு மாதிரி நிற்குமாம், ஆனால் பிடிப்பு வருவதற்காகச் சொந்த நகத்தை முதலில் நன்றாக ராவ வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம். ஏற்கெனவே தேய்ந்து கிடப்பதை இன்னும் தேய்ப்பதா? நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜல்லி பெயர்ந்த ரோட்டைச் சுரண்டி அதன் தலையில் கனமாகத் தாரை ஏற்றினால் ஒரே மழையில் என்ன ஆகும் என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். "அங்கிள், இது ரோடு இல்ல, ஆன்ட்டி கை. கொஞ்சம் அப்டி குந்துங்க" என்றாள். குந்தினேன். ஆனால் குந்திய இடத்திலிருந்தே கேட்டேன்.

மெல்லிய பட்டுத் துணியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பசை வைத்து ஒட்டுவது இன்னொரு வகை. சன்ன நகத்துக்கு அது பாரம் இல்லைதான், ஆனால் தண்ணீரில் புழங்குகிற கைக்கு நிற்காது என்று அவளே சொல்லிவிட்டாள். ஒட்டு நகத்தின் பெயரை எடுத்ததுமே சந்திரிகா கையை உருவிக்கொண்டாள். கடைசியில் ஜெல் என்று ஒன்று. சொந்த நகத்தின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு, ஊதா விளக்குக்குள் கையை நீட்டினால் இறுகிவிடும், வேண்டாம் என்றால் ஊறவைத்து எடுத்துவிடலாம். அதற்கும் கொஞ்சம் ராவத்தான் வேண்டுமாம், தூசி தட்டுவது மாதிரி. சரி, பேட்ச் ஒர்க்தானே, செய் என்றேன். நீளமாக வைக்கலாமா என்று உங்கள் தங்கை ஆசையாகக் கேட்டதற்கு, "நீட்டமா வெச்சா எங்கனா மாட்டிகினு ஒரிஜினலையும் பேத்துகினு வந்துடும் ஆன்ட்டி. குட்டையா வெச்சுக்கோங்க. எடுக்கணும்னா இங்க வாங்க, நீங்களா பிய்க்காதீங்க. எடுத்தப்புறம் எண்ணெ தடவி நகத்த சும்மா வுடுங்க, அதுவா வளரும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. இளஞ்சிவப்பில் பத்து விரலும் பளபளவென்று ஆயின. சந்திரிகா ஷேர் ஆட்டோவில் வழி நெடுக முன் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று.

இதற்கு நடுவில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டும் எங்கள் தலையில் விடிந்தன. விளக்கில் இடிக்கும் என்று ஸ்நேகா வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, காது வலிக்கிறது என்று உங்கள் தங்கை தோட்டையும் கழற்றினாள். மறுநாள் காலையில் மாட்டப் போனால் புது நகத்தால் திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. அது நழுவுகிறது, உருளுகிறது, கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. நான் குப்புறப் படுத்து டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடித்தது. பம்மலிலிருந்து சம்பந்தி ஜெயவேலுவும் அவர் சம்சாரம் ரத்தினபாயும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்கள்.

ரத்தினபாய் அம்மாளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிடிவாதத்துக்காகத்தான் இந்தச் சம்பந்தத்துக்கே தலையாட்டினார். இன்றுவரை தமிழினி என்று ஒரு தரம் வாயால் சொன்னதில்லை, எப்போதும் "அந்தப் பொண்ணு"தான். பெண் பார்க்க வந்த அன்றே, நகம் வளர்க்கிற பெண்களைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் போனார். ஆகவே அவரைக் கண்டதும் சந்திரிகா இரண்டு கையையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். ஒரு வாய் காபி கொடுக்கக்கூடக் கையை வெளியே எடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். ரத்தினபாய் அவள் காதைப் பார்த்தார். வெறும் காது. முந்தானையைப் பார்த்தார். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"இன்னா சம்மந்தி இது? அல்லாத்தையும் வெச்சிட்டீங்களாமே. எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜெயவேலு தொண்டையைச் செருமி, "உங்க மச்சானே சொன்னாராம் சார், நகை வெச்சுதான் கல்யாணம் நடக்குதுன்னு" என்றார். நீங்கள் ஜெயக்கொடி அக்காவிடம் சொல்லி, அக்கா பம்மலில் இருக்கும் தன் தங்கையிடம் சொல்லி, அந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரத்தினபாயிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். "ஐயையோ, அது நகை இல்லீங்க" என்று நான் வாயைத் திறந்தேன். சந்திரிகா முந்தானைக்குள்ளிருந்தே என் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஜெல் உறுதியானதுதான் மச்சான், ஸ்நேகா பொய் சொல்லவில்லை. ரத்தம் கட்டிவிட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ரத்தினபாய், "அளாதீங்க அண்ணா" என்று இன்னும் பலமாக அழுதார். வந்தவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதிலிருந்து தமிழினி சாப்பிடவில்லை. "ஏற்கெனவே என்னை மதிக்க மாட்டாங்க. இப்ப கடன்காரப் பொண்ணுன்னு வேற நெனப்பாங்க. அந்த வீட்ல நான் எப்படிப்பா தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்று கேட்கிறாள். சர்வீஸ் முழுவதும் ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூட அடகுக்கடைப் படி ஏற்றாதவன் நான். என் பெண்ணின் வாழ்க்கை உங்கள் காதில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது மச்சான்!

ஆகவே, உங்கள் தங்கைக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். கடிதம் கைக்கு வந்ததும் பீரோவைத் திறங்கள். மெஷினை எடுத்துக் காதில் மாட்டுங்கள். பிறகு ஜெயக்கொடி அக்காவிடமும் அவர் தங்கையிடமும், கடைசியாக ரத்தினபாய் அம்மாளிடமும், "வைத்தது நகை இல்லை, நகம், தவறு என் காதுடையது" என்று நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நகம் வைத்ததற்காக ரத்தினபாய் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மானத்தைவிட நகம் பெரிதல்ல. இதைச் செய்யாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் நாற்காலியில் உங்களை உட்காரவைப்பதைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஜெயக்கொடி அக்காவுக்கு என் வணக்கங்கள். உங்கள் பிள்ளைக்கும் மருமகளுக்கும் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளும் தெளிவான செவியும் பெற்று வாழ வேண்டுமாய் ஆண்டவனை வேண்டும்,

உங்கள் மாப்பிள்ளை,
ஏகநாதன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ரத்தினபாய் அம்மாளிடமிருந்து போன் வந்தது. என்னிடம் இல்லை, தமிழினியிடம். "தமிழு, ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்லம்மா. நகத்த வளத்து சாயம் பூசிகினு திரியற வூடோன்னு நெனச்சிகினு இருந்தேன். பொண்ணுக்காக உங்கம்மா காதுல கெடந்ததையே கழட்டிக் குட்த்துட்டாங்களே! நீ வெறுங்கழுத்தோட வா, போதும். எனக்கு நீ மருமக இல்ல, பொண்ணு" என்றாராம். "தமிழு" என்றாராம், மச்சான். என் பெண் போனைப் பிடித்தபடி அழுகிறாள், சந்திரிகா பத்து நகத்தாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். அதனால் தயவுசெய்து மேலே எழுதிய எதையும் செய்துவிடாதீர்கள். கை வலிக்க எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, திட்டினது திட்டினதாகவே இருக்கட்டும். யார் கேட்டாலும் நகைதான். நாளைக்கே ஸ்நேகாவிடம் போய் நகத்தை ஊறவைத்து எடுத்துவிடுகிறோம். நிச்சயத்தன்று சந்திரிகா தோடும் வளையலுமாக நிற்பதைப் பார்த்து யாராவது கேட்டால், அண்ணன் மீட்டுக் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்கிறோம், உங்களுக்கும் நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அக்காவுடன் வந்துவிடுங்கள், தாய்மாமன் நாற்காலி உங்களுக்குத்தான். காது மெஷின் பீரோவிலேயே இருக்கட்டும்.