வீட்டுக்கு வந்த இரண்டாவது ரம்பம்

எந்த மெஷினும் சாவதில்லை, திறந்து பார்க்க ஆளில்லாமல் மயங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான் என்பது என் கட்சி. அதை ஊருக்கே நிரூபிப்பது என்று முடிவெடுத்து, காஸ்த்ரோ சந்தையில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கைக் கொடுத்து ஒரு பழைய சங்கிலி ரம்பத்தை வாங்கி வந்தேன்.

என் மனைவி எடெல்மிரா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, வீட்டுல ஏற்கெனவே ஒரு ரம்பம் பேசிப் பேசி அறுக்குது. இன்னொண்ணு எதுக்கு?"

"இது மரம் அறுக்கும்டி!"

"ஓடுமா?"

"ஓடாது. ஓட வைப்பேன்."

"சீக்கிரம் வைங்க. புயல்ல விழுந்த மரம் அம்மா தோட்டத்துல அப்படியே கிடக்கு."

அந்த மரத்தை எனக்குத் தெரியும். படுத்திருக்கும்போதே என் மார்பு உயரம்.

கொட்டகையில் உட்கார்ந்து ரம்பத்தைப் பிரித்தேன். அடடா, உள்ளே ஒரு தனி உலகம்! புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. பெட்ரோல் குழாயைத் தொட்டேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. எல்லாவற்றையும் கழுவி, புதுக் குழாய் மாட்டி, பிளக்கைச் சுரண்டி, எடெல்மிரா கடற்கரைக்குச் சிப்பி பொறுக்கப் போன நேரமாகப் பார்த்து ஸ்டார்ட் கயிற்றை இழுத்தேன்.

இருமியது. புகையைத் துப்பியது. பிறகு உறுமியது பாருங்கள், நான் ஆடியே விட்டேன்!

ஆட்டத்தின் நடுவில் மாமியாரின் மரம் நினைவுக்கு வந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

சிப்பிக் கூடையோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள். "உயிர் வந்துச்சா?"

"ம்ஹூம். உள்ளே ஏதோ மர்மம்."

அன்றிலிருந்து சொர்க்கம்தான். காலையில் கொட்டகை. கையில் சூடாக மாத்தே இலைத் தேநீர். பிரிப்பேன், துடைப்பேன், பூட்டுவேன். மழை கூரையில் கொட்டும். மரமாவது, மண்ணாவது!

ஒரு நாள் எடெல்மிரா முக்காலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தத் திருகு எதுக்குங்க?"

"சங்கிலியை இறுக்க. ரொம்ப இறுக்கக் கூடாது, கையால இழுத்தா ஓடணும்."

"பெட்ரோல்ல எண்ணெய் எவ்வளவு கலக்கணும்?"

சொன்னேன். பல்லை எப்படித் தீட்டுவது, எங்கே பட்டால் ரம்பம் துள்ளி முகத்துக்கு வரும், காலை எப்படி அகட்டி நிற்பது, எல்லாம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசி அவள் இவ்வளவு ஆவலாகக் கேட்டதே இல்லை. தினமும் வந்தாள். நானும் தினமும் வாத்தியார் ஆனேன்.

கடைசியில் பெருமூச்சு விட்டாள். "இவ்வளவு தெரிஞ்சும் ஓடலையே! பக்கத்து வீட்டு அர்த்தேமியோ சொன்னாரு, நீங்க கை வச்சா ரேடியோ கூட ஊமையாயிடுமாம். இதுல மண்ணைப் போட்டுப் பூச்செடி வைக்கலாம்னாரு."

"பூச்செடியா? எவன் சொன்னான்?"

ரத்தம் தலைக்கேறியது. கயிற்றை ஒரே இழுப்பு. கொட்டகையே அதிர்ந்தது. அணைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அப்புறம்தான் செய்த காரியம் உறைத்தது.

எடெல்மிரா துளியும் அசரவில்லை. "நல்லாத்தான் உறுமுது. அன்னைக்குக் கடற்கரை வரைக்கும் கேட்டுச்சே."

"தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இடுப்பு வலின்னு படுத்திருப்பீங்க. எனக்கு ஓட்டச் சொல்லித் தந்திருப்பீங்களா? குடுங்க இப்படி."

என் பூட்ஸை மாட்டிக்கொண்டு, என் செல்ல ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மாமியார் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் அழாத குறையாகப் பின்னாலேயே ஓடினேன். மரம் விறகாக விழ விழ, ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டியது. வெளியூர்க்காரர் ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார்.

மாமியார் சொன்னார்: "இவரா? எங்க எடெல்மிராவுக்கு பெட்ரோல் டப்பா தூக்குறவரு."