சுருக்கம் எங்கே போகும்

ஃபிசாவின் வலது தோள்பட்டை காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி ஏழு கிலோ. ஃபிசாவுக்கு வயது பன்னிரண்டு. மணிக்கட்டு வீங்கிப்போன அம்மா ஷகீலா ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அபிராமபுரத்து அடுக்குமாடி வாசலில், வேப்பமரத்தடியில் நின்ற இஸ்திரி வண்டி இன்றைக்கு மகள் பொறுப்பு.

போகும்போது அம்மா ஒன்றுதான் சொன்னாள். "யாரு இன்னா சொன்னாலும் 'சரி சார்'னு சொல்லு. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா வண்டிய எடுத்துருவேன்னு செக்ரட்டரி சொல்லிக்கீறாரு. வண்டி போச்சுன்னா சோறு போச்சு."

இப்போது வண்டிமேல் கிடந்தது ஒரு தங்க நிறப் புடவை. மூன்றாவது மாடி ஜூலியட் டீச்சருடையது. சாயங்காலம் அவர் மகளுக்கு சாந்தோமில் நிச்சயதார்த்தம். புடவையையும் ஜாக்கெட்டையும் கொண்டுவந்து போட்டவன் வாட்ச்மேன் ஆசிஃப். அவன் காதில் எந்நேரமும் இயர்போன்.

"அஞ்சு மணிக்கு வேணுமாம். அப்பறம் இன்னமோ சொன்னாங்க. பாட்டு ஓடிக்கினு இருந்துச்சா, வுட்டுட்டேன்."

ஜாக்கெட் சீக்கிரம் முடிந்தது. புடவைதான் மசியவில்லை. மாடு மென்று துப்பியதுபோல முழுக்க முழுக்கக் கசங்கல். தண்ணீர் தெளித்தாள். பெட்டியை வைத்து உடம்போடு அழுத்தினாள். பெட்டியை எடுத்ததும் சுருக்கங்கள் மறுபடி எழுந்து உட்கார்ந்தன.

"கை வுட்டுப்போச்சு நைனா," என்றாள் ஃபிசா, இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து.

பெட்டியின் மூடி தூக்கிக்கொண்டது. தணலுக்குள்ளிருந்து ஒரு டிராகன் தலையை நீட்டியது. ஓணான் அளவுதான். போன வாரம் கரி மூட்டையோடு வந்தது. தங்க இடம் கொடுத்தால் மந்திரம் சொல்லித் தருகிறேன் என்றது. இதுவரை கற்றுக்கொடுத்தது, மண்ணெண்ணெய் இல்லாமல் கரி பற்றவைக்கும் மந்திரம் மட்டும். அதுவும் டிராகன் கூடவே நின்று ஊதினால்தான் பற்றும்.

"சுருக்கத்த ஏன் பாப்பா அமுக்குற? போகச் சொல்லு. 'எந்திரி, இடத்தக் காலி பண்ணு.' அவ்ளோதான் மந்திரம்."

"இது எனக்கே தெரியும். செக்ரட்டரி வாராவாரம் எங்கம்மாகிட்ட சொல்றாரு."

"சொன்னா போறீங்களா?"

"போனதில்ல."

"அவரு தொண்டைலேர்ந்து சொல்றாரு. நீ வயித்துலேர்ந்து சொல்லு. பசியோட சொன்னா இன்னும் நல்லா வேலை செய்யும்."

பசிக்குப் பஞ்சமில்லை. ஃபிசா மூச்சை இழுத்துக் கத்தினாள். "எந்திரி! இடத்தக் காலி பண்ணு!"

சுருக்கங்கள் எறும்புச் சாரைபோலக் கிளம்பிக் காற்றில் போயின. புடவை கண்ணாடிபோல் மின்னியது.

"ஏம்மா, என்ன இது?"

செக்ரட்டரி பத்ரிநாராயணன் நின்றுகொண்டிருந்தார். காலையில் ஃபிசா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை, அவர் உடம்பிலேயே கசங்கிக் கந்தலாகியிருந்தது.

"இப்பதானே போட்டுண்டு இறங்கறேன்! இதுதான் நீங்க தேய்க்கற லட்சணமா?"

"சரி சார்."

"என்ன சரி? வண்டிய எடுக்கச் சொல்லவா?"

"சரி ச... ஐயோ, வேணாம் சார்!"

ஃபிசா பெட்டியின் பக்கம் குனிந்தாள். "அங்க ஏன் நைனா அனுப்புன?"

"எங்கயாச்சும் போய்த்தானே ஆவணும்? வண்டிய எடுத்துட்டா நீங்க மட்டும் காத்துல கரைஞ்சுருவீங்களா?"

செக்ரட்டரி குனிந்து பொத்தானைப் பார்த்த நேரத்தில், ஃபிசா சட்டையிடம் மந்திரத்தைச் சொன்னாள். சட்டை விறைப்பாக நின்றது. பின்னால் மடமடவென்று ஒரு சத்தம். அவருடைய புதுக் காரின் முன்பக்கம் பொரித்த அப்பளம்போல நெளிந்துபோயிருந்தது.

ஆசிஃப் இயர்போனைப் பிடுங்கினான். "சார், உங்க காரு..."

அவர் திரும்புவதற்குள் ஃபிசா காரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். கார் நேரானது.

"காருக்கு என்னடா?" என்று கேட்டவரின் முகத்தில் தொண்ணூறு வயது.

ஆசிஃப் உடனே குறுக்கே வந்து நின்றான். "பெரியவரே, யார் வூட்டுக்கு வந்தீங்க? கேட் கிட்ட நிக்காதீங்க. எங்க செக்ரட்டரி ஒரு மாதிரி."

"நான்தாண்டா செக்ரட்டரி!"

"ஓ, அவங்கப்பாவா? நீங்க முன்னாடியே வந்து புள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

பத்ரிநாராயணன் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தார். போன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறக்க மாட்டேன் என்றது. அவர் போனை மறுபடி மறுபடி முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஃபிசா தண்ணீர்ச் சொம்பை இஸ்திரிப் பெட்டிக்கு மேலே பிடித்தாள். "நைனா, எல்லாத்தையும் உன் மேல ஏத்திக்கோ. இல்ல, ஊத்திருவேன்."

"முன்னூறு வருசமா வழவழன்னு வெச்சிருக்கிற தோலு பாப்பா!"

சொம்பு சாய்ந்தது.

"சரி சார்," என்றது டிராகன்.

ஃபிசா கடைசி முறையாகச் சொன்னாள். செக்ரட்டரியின் முகம் பழையபடி ஐம்பதுக்குத் திரும்பியது. போன் திறந்தது. அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. "வெயில் ஜாஸ்தி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

வண்டி தப்பித்தது. ஃபிசாவுக்குத் தோள்வலிகூட மறந்துபோனது.

டிராகன் வெளியே வந்து பெட்டியின் பித்தளைப் பக்கத்தில் முகம் பார்த்தது. கழுத்திலும் இறக்கையிலும் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம்; ஒவ்வொரு மடிப்பிலும் தங்க மினுமினுப்பு. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"ஷோக்காத்தான் கீது. தி.நகர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்க்கினு வரேன். நாலு பேரு பாக்கட்டும்."

வேப்பமரத்தைத் தாண்டிப் பறந்தது. வெகுநேரமாகியும் திரும்பவில்லை.

ஐந்து மணிக்கு ஜூலியட் டீச்சர் தானே இறங்கி வந்தார். ஃபிசா புடவையை இரண்டு கையாலும் நீட்டினாள். பாராட்டு வரும் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். டீச்சர் பிரித்தார். தடவினார். தலைப்பைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"ஆசிஃப், ஜாக்கெட்டையும் புடவை ஓரத்தையும் மட்டும்தானே தேய்க்கச் சொன்னேன்?"

"ஆங், அதான் டீச்சர் சொன்னீங்க!" என்றான் ஆசிஃப், இப்போதுதான் ஞாபகம் வந்தவனாக.

ஃபிசா தி.நகர் பக்கமாக வானத்தை அண்ணாந்து பார்த்தாள். காக்கைகள்தான் பறந்தன.

"இது கசங்கலாவே நெய்து விக்கிற புடவை ஃபிசா, அந்தச் சுருக்கத்துக்குத்தான் கடைக்காரன் என்கிட்ட கூடக் காசு வாங்கினான்," என்றார் டீச்சர். "செக்ரட்டரிகிட்ட நான் கம்ப்ளெயின்ட் பண்ணப் போகல, ஆனா ஒரு புடவைச் சுருக்கம் நீ எனக்குப் பாக்கி."