சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு நான் கொடுத்த கஷாயம்

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், மற்றவர்களின் வயிற்றுக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட ஆள் ஒருவர் இருப்பார். அவரை யாரும் நியமித்திருக்க மாட்டார்கள். ராஜினாமா செய்யச் சொன்னாலும் செய்ய மாட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பதவியை, கல்யாணமாகிக் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்த கையோடு நானே எடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளில் நடந்த கதை இது. என் கணவருக்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. டெலானிபூர் மேட்டில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ். காலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு, மதியம் மோரில் சுக்குப் பொடி, ராத்திரி கடுக்காய், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல் என்று அவரை நான் வளர்த்து வந்தேன். அவருக்குத் தும்மல் வந்தால் வாசலைத் தாண்டிப் போய்த் தும்மிவிட்டு வருவார். வீட்டுக்குள் தும்மினால் உடனே அடுப்பில் கஷாயம் ஏறிவிடும் என்று பயம். (நான் வைத்தியர் பரம்பரை எல்லாம் இல்லை. கோவில்பட்டியில் எங்கள் அப்பா வைத்திருந்தது மளிகைக் கடை. சுக்கும் மிளகும் பொட்டலம் கட்டியதுதான் என் மருத்துவப் படிப்பு.) நான் வைக்கும் கஷாயத்தை நான் குடிப்பதில்லை. கசக்கும்.

என் நாத்தனார் கமலா எங்களோடு இருந்தாள். மாமனார், மாமியார் காலமாகிவிட்டதால் அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு எங்கள் தலையில். மெயின்லேண்டிலிருந்து வந்த இரண்டு ஜாதகங்கள், ‘பொண்ணு கடல் தாண்டி இருக்கா’ என்று திரும்பிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தது நடு அந்தமானில் ரங்கத்தில் கடை வைத்திருந்த, நம்ம ஊர்ப்பக்கத்துக் குடும்பம். பையன் சங்கரன் அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மா, பையன் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள்.

இறங்கினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. படகில் வந்த வழியெல்லாம் அலை. மூன்று பேர் முகமும் வெளிறிப் போயிருந்தது. பையனின் அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்து, “வயித்தைப் பிரட்டுது தாயீ, கொஞ்சம் தண்ணி குடு” என்றார்.

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. மூன்று வயிறுகள், அதுவும் புது வயிறுகள்!

“தண்ணி எதுக்கும்மா? அஞ்சு நிமிஷம் இருங்க, கஷாயம் வச்சுத் தாரேன்” என்று அடுக்களைக்கு ஓடினேன். சுக்கு டப்பா காலி. கப்பல் வர இன்னும் நாளாகும். இஞ்சியும் இல்லை. அப்போதுதான் பின்பக்க வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடி கண்ணில் பட்டது. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். அழுகிய முட்டை நாற்றம். தலை சுற்றியது. இவ்வளவு நாறுகிற இலை மருந்தாக இல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும் என்று முடிவுகட்டி, கொடியை மொட்டையடித்தேன்.

மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சினேன். “மதினி, சாக்கடை மாதிரி நாறுது” என்றாள் கமலா. “நாறினாத்தான் கேக்கும்” என்று அவள் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தேன். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பையனின் அப்பாவோ, “நல்லா காட்டமா இருக்கே, இன்னும் ஒரு டம்ளர் இருக்குமா?” என்று கேட்டார். என் வைத்திய வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் இரண்டாவது டம்ளர் கேட்கிறார்! விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தப் பெருமை கரைவதற்குள் பின்கதவு படபடவென்று தட்டப்பட்டது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்திருந்த வங்காளத்துக்காரர் மண்டலின் மனைவி நின்றிருந்தார். கையில் நான் மொட்டையடித்த கொடி. கண்ணில் தண்ணீர்.

“சப் மார் தியா!” என்று கத்தினார். வயிற்றில் அடித்துக்கொண்டு, “பேட் கா ஓஷுத்... பேட் கா! கதம்! சப் கதம்!” என்றார்.

என் இந்தி ஞானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘கதம்’ தெரியும், ரேஷன் கடையில் அரிசி தீர்ந்தால் அப்படித்தான் சொல்வார்கள். ‘பேட்’ தெரியும், ஆஸ்பத்திரியில் வயிற்றை அமுக்கிக் கேட்பார்கள். ‘மார் தியா’ தெரியும். சாக்கடையில் புகுந்த பாம்பை அடித்துக் கொன்றபோது குவார்ட்டர்ஸ் வரிசையே சேர்ந்து கத்தியது. ‘ஓஷுத்’ தெரியாது. தெரியாத ஒரு வார்த்தைக்காகவா காத்திருப்பது? தெரிந்ததைக் கூட்டிப் பார்த்தேன். கொன்றுவிடும். வயிறு. எல்லாரும் தீர்ந்தார்கள்.

அந்த அம்மாள் அழுதுகொண்டே போய்விட்டார்.

முன்னறையை எட்டிப் பார்த்தேன். பையனின் அம்மா கண்ணைத் தேய்த்துக்கொண்டு, “என்னமோ சொக்குது” என்றார். சங்கரன் கொட்டாவி விட்டார். பையனின் அப்பா, அந்த இரண்டு டம்ளர் மனிதர், சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. போர்ட் பிளேரில் வேர்க்காத நெற்றி கிடையாது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

சாடை காட்டி என் கணவரை அடுக்களைக்குள் இழுத்தேன்.

“ஏங்க, அது விஷ இலையாம். மண்டல் சம்சாரம் வந்து இந்தில கத்திட்டுப் போகுது.”

“எது?”

“கஷாயம்.”

அவர் முகம் கஷாய நிறத்துக்கு மாறியது. “அடிப்பாவி, நானுமில்ல குடிச்சேன்! உனக்கு ஒண்ணும் செய்யலையா?”

“நான் குடிக்கலை.”

அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வைக்குக் கஷாயமே தேவலை. ஆனாலும் மேலே திட்டாமல், “மண்டல் பஜாருக்குப் போறதைப் பாத்தேன். அவனுக்கு நல்ல இந்தி வரும். கேட்டுட்டு, அப்படியே டாக்டரைக் கூட்டிட்டு வாரேன். அவுகளைத் தூங்க விடாதே” என்று சொல்லிவிட்டுச் செருப்புகூடப் போடாமல் மேட்டில் இறங்கி ஓடினார். ஓடும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடினார்.

“தம்பி எங்க போறாரு?” என்றார் பையனின் அப்பா கண்ணை மூடியபடி.

“வெத்தலை வாங்க” என்றேன்.

தூங்க விடக் கூடாதே! நான் பேச ஆரம்பித்தேன். ரங்கத்தில் மழை எப்படி, கடையில் அரிசி என்ன விலை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஓடா தகரமா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர்கள் நாக்கு குழறுகிறதா என்று உற்றுப் பார்த்தேன். பையனின் அம்மா, இந்தப் பெண்ணுக்கு மண்டை சரியில்லையோ என்று கமலாவைப் பார்த்தார்.

மனதுக்குள் வேறொரு கணக்கு. கொலை செய்தவர்களை அந்தக் காலத்தில் அந்தமானுக்கு அனுப்புவார்களாம். நான் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறேன். என்னை எங்கே அனுப்புவார்கள்? கமலாவைப் பார்த்தேன். தாய் தகப்பன் இல்லாத பெண். மணையில் உட்கார வேண்டியவளுக்கு நானே...

பையனின் அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “ஐயா!” என்றேன். பதில் இல்லை. “ஐயா!” அசைவும் இல்லை.

அவ்வளவுதான். என் பேச்சு உடைந்து அலறலாக வந்தது. “எல்லாரும் வாந்தி எடுங்க! அது விஷ இலை! எனக்குத் தெரியாமப் போச்சு!”

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. பையனின் அம்மா கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டினார். நான் ஒரு செம்புத் தண்ணீரில் கைக்கு வந்த உப்பையெல்லாம் கொட்டி எல்லார் வாயிலும் ஊற்றப் பார்த்தேன். பாதி அந்த அம்மாவின் பட்டுப்புடவையில் கொட்டியது. அதுவரை நிமிர்ந்தே பார்க்காத கமலா, நேராகப் பையனிடம் போய், “உங்களுக்கு நாக்கு மரத்துப் போகுதா?” என்றாள்.

சங்கரன் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார். “இல்ல. உங்களுக்கு?”

“தெரியலை. நீங்க முதல்ல இந்த உப்புத்தண்ணியைக் குடிங்க.”

நான் அடுக்களைக்குப் போனேன். பாத்திரத்தின் அடியில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது. இத்தனை பேரை அனுப்பிவிட்டு நான் மட்டும் இருந்து என்ன செய்யப்போகிறேன்? கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தேன். (அப்போதுதான் தெரிந்தது, வருஷக்கணக்கில் நான் என்ன கொடுமை செய்துகொண்டிருந்தேன் என்று.)

டம்ளரும் கையுமாக நான் அழுதுகொண்டிருந்தபோது, என் கணவர், டாக்டர் கிடைக்காமல், மண்டலை மட்டும் இழுத்துக்கொண்டு பின்வாசலில் வந்து விழுந்தார். மண்டல் கையில் மீன் பை. மூச்சு வாங்கியபடி வேலியில் மொட்டையாக நின்ற கொடியைப் பார்த்தார், பாத்திரத்தை முகர்ந்தார். பிறகு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, என் கணவர் தமிழில் சொன்னார்.

அது விஷமில்லை. வங்காளத்தில் வயிற்றுக் கோளாறுக்கு வீட்டுக்கு வீடு சமைத்துச் சாப்பிடுகிற இலையாம். ‘ஓஷுத்’ என்றால் மருந்து. ஊரைவிட்டு அகதியாக வந்தபோது அந்த அம்மாள் ஈரத்துணியில் சுற்றி, கப்பல் பயணம் முழுக்கத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றிக் கொண்டுவந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நட்ட தண்டு அது. ‘மார் தியா’ என்று அவர் தன் அரைகுறை இந்தியில் சொன்னது கொன்றதை இல்லை. நான் திருடியதை.

“நல்லவேளை” என்று சொல்ல வாயெடுத்தால், முன்னறையிலிருந்து ஒரு குரல். “என்ன சத்தம்? சாப்பாடு ஆயிட்டுதா?”

இரண்டு டம்ளர் மனிதர் எழுந்து உட்கார்ந்திருந்தார். படகில் விட்ட தூக்கத்தை எங்கள் சுவரில் சாய்ந்து தூங்கித் தீர்த்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி புடவையிலிருந்து உப்புத்தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தார். “எந்திரிங்க, போவோம். இந்த வீட்ல சம்பந்தமே வேண்டாம். பொண்ணு பாக்க வந்த இடத்துல பொணமாப் போயிருப்போம்” என்றார்.

என் கணவர் தலைகுனிந்து நின்றார். அப்போது சங்கரன் பேசினார். வந்ததிலிருந்து அவர் பெற்றோரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அம்மா, விஷம்னு கேட்டதும் அந்தப் பொண்ணு தன்னைப் பத்தி நினைக்கலை. என்னைத்தான் கேட்டுச்சு. எனக்கு இது போதும்.”

அவர் அம்மா சம்மதிக்கச் சில மாதங்கள் ஆயின. ஆனால் கல்யாணம் நடந்தது. நான் மண்டலின் மனைவியை அவர்கள் வழக்கப்படி ‘தீதி’, அதாவது அக்கா என்று கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு, அந்தக் கொடி மறுபடி தழைக்கும்வரை தினமும் தண்ணீர் ஊற்றினேன். கல்யாணத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் குலவையிட்டதும் தீதிதான்.

கமலாவும் சங்கரனும் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் இன்றும் நான்தான் கஷாயம் வைக்கிறேன். ஒரே ஒரு மாற்றம். முதல் டம்ளரை எல்லார் முன்னாலும் நான் குடித்தாக வேண்டும். குடித்து முடித்ததும் பிள்ளைகள் சுற்றி நின்று முகத்தையே பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி பயபக்தியோடு கேட்பாள்: “பாட்டி, நாக்கு மரத்துப் போகுதா?”

“இல்லடி.”

“சரி, அப்ப தாத்தாவுக்குக் குடுங்க. அவரு குடிச்சப்புறம் நாங்க யோசிக்கிறோம்.”