தம்பிக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம்

ஸ்காபரோ, கனடா
வைகாசி 24

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய தம்பி குகநேசனுக்கு, உன் மூத்த சகோதரன் தியாகலிங்கம் எழுதிக்கொள்வது.

நீயும் பேபியும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன் மனைவியின் சுகத்தைக் கேட்கிறேன். உன் சுகத்தைக் கேட்க வேண்டிய தேவை எனக்கில்லை. சென்ற மாதம் பத்தொன்பதாம் திகதி, நீ இருக்கும் ஹம்பேர்க் நகரத்தில், காலை பத்தரை தொடக்கம் பன்னிரண்டரை வரை, உனக்குப் பின்னாலேயே நடந்து உன் சுகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். தலைமயிர் கொட்டிவிட்டது. மற்றும்படி ஆள் நல்லாய்த்தான் இருக்கிறாய். திடுக்கிடாதே, முழுவதையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

நமக்குள் பேச்சு நின்று ஒன்பது வருடம். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் குற்றத்தை ஒருமுறை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். மகள் தனுஷிகாவின் கலியாணத்துக்கு நானும் யோகராணியும் வீடு வீடாகப் போய்க் கார்ட் கொடுத்தோம். மார்க்கம் ரோட்டுப் பிளாசாவில் இரண்டே இரண்டு தரம் கண்டு சிரித்த மனிசருக்குக்கூட, லிப்ட் வேலை செய்யாத அப்பார்ட்மென்ற்றில் பதினோராம் மாடிக்கு ஏறிப்போய்க் கொடுத்தோம். கூடப்பிறந்த உனக்கு மட்டும், தூரம்தானே, தம்பிதானே என்று நினைத்து, நூற்றுச்சொச்சம் பேர் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் கார்ட்டைப் படம் பிடித்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே இரண்டு பேர் கைகூப்பினார்கள், ஒருவர் ஆருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். நீ போன் எடுத்து, "கடை திறப்புக்கு நோட்டீஸ் குடுக்கிற மாதிரி எனக்கும் குடுத்திட்டியள் அண்ணை. ஒரு கோல் எடுத்து வாடா எண்டு சொல்ல வாய் வரேல்லையோ?" என்றாய். அப்போதே, ஓமடா, பிழைதான் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நான், "வாற மனம் இருந்தால் கார்ட் எப்பிடி வந்தாலும் வரலாம்" என்றேன். நீ வரவில்லை. மண்டபத்தில் முன்வரிசையில் உனக்குப் போட்ட கதிரையில் ஆரையும் இருக்க விடாமல் என் கோட்டைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தது உனக்குத் தெரியாது. கலியாண வீடியோவில் சித்தப்பா இருக்க வேண்டிய இடத்தில் இன்றைக்கும் அந்தக் கோட்தான் இருக்கிறது.

இப்போது மகன் துஷாந்துக்கு ஆவணியில் கலியாணம். பெண் யூனியன்வில்லில் இருக்கிற நிலாணி, நல்ல பிள்ளை. கார்ட் அடித்து வந்த அன்றைக்கே யோகராணி முதலாவது கார்ட்டை எடுத்து, மூலைக்கு மஞ்சள் பூசி, என் கையில் தந்து, "பிளேன் ஏறிப் போய்க் குகனிட்டை நேரிலை குடுங்கோ. குடுக்காமல் வந்தால் பிறகு உங்களுக்குப் படுக்கை பேஸ்மென்ற்றிலைதான்" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து எங்கள் சொந்தக்காரன் மிசிசாகா றோய், நீ மூட்டை தூக்கிற வேலையை விட்டு, அதே பண்டகசாலைகளைச் சுற்றிக் காட்டி நகரத்தின் வியாபாரச் சரித்திரம் சொல்கிற வழிகாட்டி ஆகிவிட்டாய் என்று படத்தோடு கொண்டுவந்து காட்டினான். எனக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது. வீட்டு மணியை அமத்தினால் நீ கதவைத் திறக்காமல் விடலாம். ரிக்கற் எடுத்து வந்தவனை நீ துரத்த ஏலாது. துஷாந்தைக் கொண்டு ரிக்கற் போடுவித்தேன். தம்பியின் குரலைக் கேட்க ரிக்கற் எடுத்த தமையன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆங்கிலத்தில் நடத்துகிறது வேறு ஆளாம். உன்னுடையது ஜெர்மன் பாசை. பரவாயில்லை, சரித்திரமா கேட்கப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். நீ முதலே கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் கார்ட் கொடுக்க முடியாது, ஆனபடியால் மாறுவேசம். முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்கு யோகராணியின் கறுப்புக் கண்ணாடி, தலைக்கு ஒரு தொப்பி. தொப்பியின் நெற்றியில் கனடா என்று பெரிய எழுத்தில் இலையோடு போட்டிருந்ததை நான் ஹம்பேர்க்கில் ஒரு கண்ணாடிக் கதவில்தான் கவனித்தேன். நடை தொடங்குகிற பெரிய மணிக்கூட்டடிக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்து தூணுக்குப் பின்னால் நின்றதில், குடை பிடித்த வேறொரு வழிகாட்டிக்குப் பின்னால் இழுபட்டு, ஒரு பாலமும் கடந்து, அங்கே ஒரு கிழவி என் கையில் மிட்டாயும் தந்துவிட்டாள். பிறகுதான் பார்த்தால் பேசுகிறது பொம்பிளைக் குரல். திரும்பி ஓடி வந்தேன். நீ இன்னும் தொடங்கவில்லை, கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நேரம் பிந்தித் தொடங்குகிறதில் நீ இன்னும் யாழ்ப்பாணத்தான்தான் என்று சந்தோசப்பட்டேன்.

குகன், நீ வாய் திறந்த உடனே நான் தொப்பியை மேலை தள்ளிக் காதைக் குடுத்தன். ஒரு சொல் விளங்கேல்லை. ஆனால் அது உன்ரை குரல்தான். ஒன்பது வருசமாய் நான் காரிலை தனியப் போகேக்கை மனசுக்குள்ளை சண்டை பிடிச்ச அதே குரல். 401 ஹைவேயிலை எத்தினை நாள் உன்னோடை வாதாடி இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருப்பன் தெரியுமே? மற்றவை சிரிச்ச இடத்திலை நானும் சிரிச்சன். நீ தண்ணியைக் காட்டினால் தண்ணியைப் பார்த்தன், பண்டகசாலை முகட்டிலை தொங்கிற கயிற்றுக் கப்பியைக் காட்டினால் அண்ணாந்து பார்த்தன். அந்தக் கப்பியாலை மூட்டை தூக்கி இறக்கித்தானே உன்ரை இடுப்பு போனது. அதைப் பற்றி நீ என்ன சொன்னியோ, எல்லாரும் அண்ணாந்து அந்தக் கப்பியையே பார்த்தினம். என்ரை தம்பி சொல்லி இத்தினை வெள்ளைக்காரர் வாய் பொத்திக் கேக்கினம் எண்டு பக்கத்திலை நிண்ட மனிசனுக்குச் சொல்ல வேணும் போலை இருந்தது. மாஸ்க் தடுத்திட்டுது.

பிறகு பழைய வியாபாரி வீடொண்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனாய். மினுக்கின மரத்தரை. நான் பழக்க தோசத்திலை வாசலிலை சப்பாத்தைக் கழட்டி விட்டிட்டு உள்ளுக்கு வந்திட்டன். அந்த வீட்டுக்கு முன்கதவு தெருவுக்காம், பின்கதவு வாய்க்காலுக்காம், அந்தக் காலத்திலை பின்பக்கத்தாலை வள்ளத்திலை சாமான் வருமாம். இதெல்லாம் வெளியிலை இருந்த ஆங்கிலப் பலகையிலை பிறகு வாசிச்சது. நீ எல்லாரையும் பின்கதவாலை வாய்க்கால் கரைப் பாதைக்குக் கொண்டுபோட்டாய். என்ரை சப்பாத்து முன்கதவிலை. காலுறையோடை கல்லுத் தெருவிலை சுத்தி ஓடி, சப்பாத்தை எடுத்து, முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு திரும்பி வர, நீ பாலத்திலை நிண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டு நிக்கிறாய். என்ன நீளமான கதை! ஜெர்மன்காரரே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிட்டினம். சின்னனிலையும் உனக்குக் கதையைச் சுருக்கத் தெரியாது.

அதுக்குப் பிறகுதான் எல்லாரும் மணந்து பார்க்க நீ வாசனைப் பைகளை எடுத்தாய். முதலிலை மிளகுப் பை வந்தது. அந்தக் காலத்து வியாபாரியளை மிளகு மூட்டையள் எண்டு நக்கலடிக்கிறதாம், அதுவும் பலகையிலைதான் இருந்தது. பை எல்லாற்றை கையும் மாறித் திரும்பி வர, நீயும் மணந்துபோட்டுச் சும்மா நிண்டாய். அடுத்தது கறுவாப்பட்டை. சிலோன் எண்டு நீ சொன்ன ஒரு சொல்லு எனக்கு விளங்கிச்சுது. நீ பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாய், தும்மினாய். சனம் தங்கட பாசையிலை ஏதோ மரியாதை சொல்லிச்சினம். நான் வாய் தவறி "நூறு" எண்டிட்டன். எங்கட அம்மா பழக்கினது, வீட்டிலை ஆர் தும்மினாலும் முதலாவதுக்கு நூறு, அடுத்ததுக்கு இருநூறு எண்டு ஆயுசு சொல்லுறது, அது நாக்கிலையே ஊறிப்போச்சு, நான் என்ன செய்ய? நீ இரண்டாந்தரம் தும்மினாய். மாஸ்க்குக்குள்ளை "இருநூறு" எண்டன். நீ எப்பவும் மூண்டு தரம்தானே. மூண்டாவதும் வந்தது. நான் வாயைக் கையாலை இறுக்கிப் பொத்திப்போட்டன். நீ பையைக் கையிலை வைச்சபடி கூட்டத்தைப் பார்த்தாய். பிறகு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாய். தும்மினால் கண் கலங்கிறதுதானே.

முடிவிலை, தொடங்கின மணிக்கூட்டடிக்கே வந்து எல்லாரும் கைதட்டி, வரிசையிலை நிண்டு உனக்குக் கை குடுத்தினம். நானும் வரிசையிலை நிண்டன். கோட்டின்ரை உள்பொக்கற்றிலை கார்ட். எனக்கு முன்னுக்கு ஆறு பேர், நாலு பேர், ஒருத்தர். அவ்வளவுதான் தம்பி. வேர்த்து, கறுப்புக் கண்ணாடி புகைச்சு, கால் தன்ரை பாட்டிலை தெருவைக் கடந்து கோப்பிக் கடையொண்டுக்குள்ளை போட்டுது. நீ என்னைக் கண்டிட்டு, "நீங்கள் ஆர்?" எண்டு கேட்டால் நான் என்ன செய்யிறது? அந்தப் பயம்தான். ஜன்னலுக்குள்ளாலை பார்த்துக்கொண்டிருந்தன். எல்லாரும் போன பிறகும் நீ அந்த மணிக்கூட்டுக்குக் கீழை அரை மணித்தியாலம் நிண்டாய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு. பேபி வரக் காத்து நிக்கிறாயாக்கும் எண்டு நினைச்சன். ஒருத்தரும் வரேல்லை. நீ போட்டாய். நான் கோப்பியைக் குடிக்காமலே எழும்பி வந்திட்டன்.

வீட்டை வந்து யோகராணிக்கு என்ன சொன்னன் எண்டு கேள். குடுத்திட்டன், குகன் கட்டிப்பிடிச்சு அழுதவன், பேபி புட்டும் இறைச்சிக்கறியும் தந்தவ எண்டன். புட்டு குரக்கன்மாவோ அரிசிமாவோ எண்டு கேட்டாள். அரிசிமா எண்டன். அவள் பேஸ்மென்ற்றுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டு, உனக்குக் குளிரும் எண்டு ஹீட்டரும் வைச்சு, துஷாந்தின்ரை மாப்பிள்ளைத் தோழனுக்கு எடுத்த வேட்டியோடை உனக்கும் ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் கீழை போய் அந்த மெத்தையிலை கொஞ்ச நேரம் இருந்துபோட்டு வாறன்.

எனவே, இந்தக் கார்ட்டை இக்கடிதத்துடன் வைத்துத் தபாலில் அனுப்புகிறேன். நேரில் தர எனக்குத் துணிவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வருகிறதும் வராததும் உன் விருப்பம். நீயும் பேபியும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு வாழ வேண்டும் என்று நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டு முடிக்கிறேன்.

உன் அன்புச் சகோதரன்,
தியாகலிங்கம்

பின்குறிப்பு: உன்ரை விலாசத்தை ஜெர்மன் எழுத்திலை எழுதுவிக்கத் துஷாந்திட்டைக் கடிதக் கவரைக் குடுத்தன். "வட் டூ யூ மீன் சித்தப்பாக்குத் தெரியாது? உங்கட நேம்லதானே நான் புக் பண்ணினது. கைட்டுக்கு லிஸ்ட் போகும் அப்பா" எண்டான். அதோடை, நடைக்கு முதல் நாள் வழிகாட்டியிட்டை இருந்து வந்த ஒரு ஈமெயிலையும் எடுத்துக் காட்டினான். நாளைக்குக் காற்று குளிராய் இருக்கும், காதை மூடிக்கொண்டு வரவும், மெதுவாய்த்தான் நடப்பம் எண்டு ஆங்கிலத்திலை இருந்தது. எல்லாருக்கும் அனுப்பிறதாக்கும் எண்டு நினைச்சவனாம். காதை மூடு எண்டு ஊரிலை உள்ளவைக்கெல்லாம் ஆரடா எழுதுறது?

அப்ப நீ தொடங்காமல் நிண்டது எனக்காக. பாலத்திலை கதையை நீட்டினது என்ரை சப்பாத்துக்காக. மணிக்கூட்டுக்குக் கீழை நிண்டதும் பேபிக்காக இல்லை. மிளகை மணந்து தும்மாமல் நிண்டவன் கறுவாவை மணந்து மூண்டு தரம் தும்மினான் எண்டால், அதைக் கேட்டுக்கொண்டு நிண்ட நான் எவ்வளவு பெரிய விசரன்!

இந்தக் கடிதத்தைத் தபாலிலை போடமாட்டன். ஒருக்கால் செய்த பிழையை முத்திரை ஒட்டித் திரும்பச் செய்ய ஏலாது. கையிலை கொண்டுவாறன், கார்ட்டும் கையிலைதான். யோகராணிக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். இனி என்னை நம்பித் தனிய அனுப்ப ஏலாதாம், அவளும் வாறாள். வாற மாதம் பதினாலாம் திகதி, காலை பத்தரை நடை, ரெண்டு பேர், லிஸ்டிலை பேர் இருக்கும். தொப்பி போடமாட்டன். நீ ஒண்டும் தும்மத் தேவையில்லை. போன முறை நான் வாய் பொத்தி வைச்ச முன்னூறை முதலிலை சொல்லிப்போட்டுத்தான் உனக்குக் கார்ட் தருவன்.