ரிப்பன் அண்ணனின் திறப்பு விழாக்கள்

தமிழ்நாட்டு மந்திரிகள் எல்லோரும் சேர்ந்து இதுவரை வெட்டிய ரிப்பனை ஒரு பக்கமும், எங்கள் தெரு ரிப்பன் அண்ணன் வெட்டவைத்த ரிப்பனை இன்னொரு பக்கமும் போட்டு அளந்தால், அண்ணனுடையதுதான் நீளமாக இருக்கும். மந்திரிகளுக்குத் திறப்பதற்கு ஒரு பாலமோ பஸ் நிலையமோ வேண்டும். அதை யாராவது கட்டி முடிக்கவும் வேண்டும். அண்ணனுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. கத்தரிச் செடி ஒரு பூ பூத்தால் போதும்.

எனக்கு விழுப்புரத்தில் வேலை. ரயிலில் போய்வரலாம் என்று திண்டிவனத்தில் வீடு பார்த்துக் குடிவந்தோம். வந்த மறுநாள் காலை, சட்டையில் பாதிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக் கொய்யா மரம் பேச ஆரம்பித்தது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். தெருவாசிகளின் மேலான கவனத்திற்கு. இன்னும் சற்று நேரத்தில் நமது இல்லத்தின் பின்புறம், கத்தரிச் செடியின் முதல் பூ திறப்பு விழா நடைபெறும். தெருவுக்குப் புதிதாக வருகை தந்திருக்கும் அண்ணன் அவர்கள் தலைமை தாங்குவார்கள்."

மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். என் மனைவி சுமதி, "என்னங்க, புதுசா வந்த அண்ணன்னா அது நீங்கதானே?" என்றாள். மறுப்பதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் வாசலில் நின்று கும்பிட்டார்.

"வாங்க சார். ஜனங்க வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க."

ஜனங்கள் என்றால் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தையல்காரப் பெண்மணி, பால் ஊற்ற வந்தவர். செடிக்கு முன்னால் இரண்டு குச்சி நட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பல விழாக்களைக் கண்ட ரிப்பன். வெட்டுவதும் முடிச்சுப் போடுவதுமாக அதில் ரிப்பனைவிட முடிச்சுகளே அதிகமாகிவிட்டிருந்தன. எனக்குப் பொன்னாடையாக ஒரு பூந்துவாலை போர்த்தினார். நான் நெகிழ்ந்து முடிப்பதற்குள் அதைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். தெருவுக்கே ஒரு பொன்னாடைதான். கத்தரிக்கோலில் நெத்திலி வாசனை அடித்தது. வெட்டினேன். கைதட்டினார்கள்.

"பூவ பாருங்க சார். கிட்ட வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். ஊதா நிறம். நடுவில் மஞ்சள். தலையைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து வெட்கப்படுவதுபோல இருந்தது. நாற்பது வயதுவரை எத்தனையோ கத்தரிக்காய் தின்றிருக்கிறேன். அதன் பூ இப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரியும். எட்டேகால் ரயிலை விட்டுவிட்டேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஏற்படவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அண்ணனின் தொழில் மைக் செட். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா தேர், கட்சிக் கூட்டம் எதுவானாலும் இந்தப் பக்கத்தில் அவர் ஒலிபெருக்கிதான். ஆயுசு முழுக்க மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைத் திருகியவர். மேடையேறியதெல்லாம், பேசுகிறவரின் உயரத்துக்கு மைக்கைத் தூக்கிவைத்துவிட்டு இறங்கத்தான். தொழிலை விட்டபோது செட்டு முழுவதையும் விற்றுவிட்டு, ஒரு குழாயையும் ஒரு மைக்கையும் மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

"ஏண்ணே இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எவ்ளோ பெரிய பெரிய விழாவுக்குச் செட்டு கட்டிக்கிறேன் சார். மறுநாள் அந்தப் பக்கம் போனா, தொறந்து வெச்சத ஒருத்தனும் திரும்பிப் பாக்கறதில்ல. எங்க வூட்டுப் பொடலங்காய நான் டெய்லி பத்து வாட்டி பாக்கறேன். அதுக்கு ஒரு மரியாத பண்ண வாணாவா?"

அவருக்கு மரியாதை செய்யத் தகாத பொருளே கிடையாது. துணி காயவைக்கப் புதுக் கயிறு கட்டினால் விழா. ஒழுகிய தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றினால், சொட்டாத குழாயை எல்லோரும் கொஞ்ச நேரம் மௌனமாகப் பார்க்கவேண்டும். கோழி அடையிலிருந்து எழுந்த அன்று குஞ்சுகளுக்குக்கூட வரவேற்புரை உண்டு. குளியலறைத் தாழ்ப்பாள் திறப்பு விழாதான் கொஞ்சம் பேஜாராகிவிட்டது. சிறப்பு விருந்தினரான தலைமை ஆசிரியர் உள்ளே போய்ப் புதுத் தாழ்ப்பாளைப் போட்டுக் காண்பித்தார். போட்டது போட்டதுதான், திறக்க வரவில்லை. உள்ளேயிருந்து அவர் தட்ட, அதைக் கைதட்டல் என்று நினைத்து நாங்களும் தட்டினோம். கடைசியில் விஷயம் புரிந்த அண்ணன் மைக்கை எடுத்தார். "சிறப்பு விருந்தினர் உள்ளே இருப்பதால், தச்சு வேலை தெரிந்தவர்கள் எங்கிருந்தாலும் விழா மேடைக்கு உடனடியாக வரவும்."

இந்த விழாக்களுக்கெல்லாம் ஒரு எதிர்க்கட்சியும் இருந்தது. அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா. முகையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தோட்டம் மொத்தமும் அவர் கை வேலை. விதை போடுவது, பாத்தி கட்டுவது, பந்தல் போடுவது, பூச்சி பொறுக்குவது எல்லாம் அக்கா. திறந்து வைப்பது மட்டும் அண்ணன். விழா நடக்கும்போது அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து நன்றியுரை வழங்குவார்.

"நட்டவ இங்க கெடக்கறா, நாட்டாம அங்க மைக்கு புடிச்சிக்கினு நிக்கிது! யோவ், செடிய மெதிக்காத! ஒரு வாட்டி தண்ணி ஊத்திக்கிறியா நீ?"

அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அக்கா திட்டி முடித்த பிறகுதான் விழா இனிதே நிறைவுற்றதாக அறிவிப்பார்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். அக்கா துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும்போதே வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது நினைவு தெளிவாக இருந்தது. எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. கை கால் மெல்ல மெல்ல வரும், பேச்சு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணன் முதல் வேலையாகக் கொய்யா மரத்திலிருந்து குழாயை இறக்கினார்.

அவர் சமைத்தார், துவைத்தார், அக்காவுக்குத் தலை வாரினார். தோட்டத்துக்கு மட்டும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாச் செடிக்கும் குடம் குடமாக ஊற்றினார். மிளகாய்ச் செடிகள் அழுகின. அவரை காய்ந்தது. அக்கா ஜன்னலோரக் கட்டிலில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எங்கள் தெருவில் அவ்வளவு அமைதியான காலைகளை அதற்கு முன் நான் கண்டதில்லை. ரயிலுக்குச் சரியான நேரத்தில் போனேன். போய் உட்கார்ந்தால் எதையோ வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது போலிருக்கும்.

ஒரு சாயங்காலம் போனேன். அண்ணன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குக் கேக்கற மாதிரி சின்னதா ஒரு விழா வைக்கலாமேண்ணே" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "அவ திட்டறதுக்கோசரம்தான் சார் நான் மைக்க புடிக்கிறதே. வாயே வராதவ எதிர்ல நின்னுக்கினு நான் மட்டும் இன்னான்னு பேசறது?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

வழி கண்டுபிடித்தது சுமதிதான். அக்கா நட்டிருந்த பரங்கிக்கொடி ஒன்று யார் கவனிப்பும் இல்லாமலே மதிலேறி எங்கள் பக்கம் இறங்கியிருந்தது. இலைக்கு அடியில் ஒரு காய். சுமதி அதைப் பார்த்துவிட்டு வந்து, "என்னங்க, அவங்க கொடியில காய்ச்சது. நாம சும்மா பறிச்சுக்க முடியுமா? விழா வைக்கணும்" என்றாள்.

தலைமை ஆசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். தாழ்ப்பாளை அவர் எப்போதோ மன்னித்துவிட்டிருந்தார். மைக்குக்கு, வண்டியில் காய் விற்க வருபவரின் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து தெரு திரும்பிய நேரத்தில், எங்கள் வாசலில் கூட்டம் கூடியது. தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"பெரிய வெங்காயம்மா, பெரிய வெங்காயம்! நாட்டுத் தக்காளிம்மா, தக்காளி!"

வேறு பொத்தானை அழுத்தினார். தேங்காய் வந்தது. ஒருவழியாக அவருடைய சொந்தக் குரல் வந்தபோது ஒரே கீச்சு. பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"மைக்க வாய்க்குள்ள போட்டுக்காதீங்க சார்! தள்ளிப் புடிங்க!" அண்ணன் கையில் கரண்டியோடு நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். மதில்மேல் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தையல்காரப் பெண்மணியும் சுமதியும் உள்ளே போய், அக்காவை நாற்காலியோடு தூக்கிவந்து எங்கள் வாசலில், கொடிக்கு எதிரே உட்காரவைத்தார்கள். அக்காவுக்குக் கூட்டம் பிடிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் ரிப்பனை வெட்டினேன். சுமதி கத்தியை எடுத்துக் காயின் காம்பில் வைத்தாள்.

"பி..."

யார் என்று எல்லோரும் திரும்பினோம். அக்காவின் முந்தானை விலகியிருந்தது. முகம் சிவந்து, இடது கையை நாற்காலிப் பிடியில் அடித்துக்கொண்டிருந்தார்.

"பி... பிஞ்சு!"

சுமதி கையை எடுத்துவிட்டாள்.

"பிஞ்சு! வா... வாணாம்!"

பரங்கிக்காய் பச்சையாகத்தான் இருந்தது. பழுக்காததைப் பறிக்கப் பார்த்திருக்கிறோம். நகரத்துக்காரர்களின் முட்டாள்தனம் பொறுக்காமல்தான் அக்காவின் வாய் திறந்துகொண்டது. அண்ணன் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு. இன்னா சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா எரிச்சலோடு, "பிஞ்சு" என்றார், காது கேளாதவரிடம் சொல்வதுபோல.

அண்ணன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடமிருந்து மைக்கை வாங்கினார். குரல் உடைந்திருந்தாலும் வார்த்தை பிசகவில்லை.

"சிறப்பு விருந்தினர் அவர்கள் காயைப் பார்வையிட்டு, பிஞ்சு என்று கருத்துத் தெரிவித்திருப்பதால், இன்றைய விழா காய் முற்றும்வரை ஒத்திவைக்கப்படுகிறது."

அன்று நாங்கள் தட்டிய கைதட்டலுக்கு ரயில்வே கேட்டில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அக்காவுக்குப் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. பெரும்பாலும் திட்டுகளாகவே வந்தது. காலையில் நாற்காலி போட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்துகொள்வார். எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று அவர் சொல்ல, அண்ணன் ஊற்றுவார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலது கை இன்னும் முழுசாக வரவில்லை. முழுசாக வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்த வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் விழா நடக்கிறது. வலது கையால் முதன்முதலாக ஒரு பச்சை மிளகாய் பறித்த அன்று தெருவுக்கே கேப்பை அடையும் டீயும் கிடைத்தது.

சென்ற மாதம் விழுப்புரத்தில், என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாடகைக்கு வந்தது. ரயிலும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். சுமதியும் நானும் போய்ப் பார்த்தோம். புது வீடு. நல்ல காற்று. சுற்றிலும் சத்தமே இல்லை. சுமதி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் பார்த்தேன். கடைசி ஜன்னலை மூடிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்காரரிடம் உண்மையான காரணத்தைச் சொன்னால் புரியாது. "தண்ணி கொஞ்சம் உப்புங்க" என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தோம்.