குளிர வைக்கும் பெட்டியும் மாப்பிள்ளையின் கிடாரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். என் வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் சுகமில்லை, அதன் கதை கீழே வருகிறது. நீங்களும் என் மகளும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கிடாரைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

முதலில் தலைபோகிற விஷயம். அடுத்த மாதம் ஆபீஸ் விழாவில் நீங்கள் மேடையேறி வாசிக்கப் போவதாகவும், கடையில் ஒரு கிடார் பார்த்து வைத்திருப்பதாகவும், வாங்கிவிடலாமா என்று யோசிப்பதாகவும் மகள் போனில் சொன்னாள். தயவுசெய்து வாங்காதீர்கள். கல்யாணத்தன்று உங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளைக்கு என் கையாலேயே கிடார் செய்து தருகிறேன் என்று சொன்னவன் நான். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அன்றைக்கு உங்கள் அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் கடைக் கிடாரோடு மேடையேறினால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவது? ஆகவே பொறுங்கள். நான் ஜெயித்துவிட்டேன். எப்படி என்று சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நீங்கள் அனுப்பிய டெம்பரேச்சர் கன்ட்ரோலர் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு நான் கிடாரின் பக்கப் பலகைகளைச் சுடுகுழாயில் வைத்துக் கையால் வளைத்துப் பார்த்து, அப்பளம் மாதிரி நொறுக்கிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். கிடாருக்கு இடுப்பு இருக்கிறதே, அந்த இடத்தில்தான் மரம் மனிதனைச் சோதிக்கிறது. ஈரம் தெளித்து, கரண்டில் சூடேறும் போர்வையில் சுற்றி, அச்சின்மேல் வைத்து, நூற்றைம்பது டிகிரியில் நிலையாக நிறுத்த வேண்டும். சூடு குறைந்தால் பலகை ஒடியும், கூடினால் கருகும். அந்த நிலையைப் பிடித்து வைக்கத்தான் உங்கள் கன்ட்ரோலர். சாப்பாட்டு மேசையின்மேல் அச்சை ஏற்றினேன், உங்கள் அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், நான் ஒயர்களை மாட்டினேன். கன்ட்ரோலர் பெட்டி கண் விழித்ததும் முதல் கேள்வியாக, நான் சூடாக்க வேண்டுமா, குளிர வைக்க வேண்டுமா என்று கேட்டது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் குளிர்பதனக் கிடங்கில்தான், மெக்கானிக்காக. என் விரல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குளிர் என்பதை அழுத்திவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுத்தியதே எனக்குத் தெரியாது.

நூற்றைம்பது என்று வைத்துவிட்டுக் காத்திருந்தேன். போர்வை பிணம் மாதிரிக் கிடந்தது. ஃபியூஸைப் பார்த்தேன், பிளக்கை மாற்றினேன், மேசையை ஒருமுறை தட்டினேன், சுவரையும் தட்டினேன். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன என்றாள் உங்கள் அத்தை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, ஊருக்கெல்லாம் கம்ப்ரஸர் பார்த்தவனுக்கு ஒரு சின்னப் பெட்டி பெரிதா என்று சொல்லிவிட்டு, கிடங்கில் செய்கிற வழக்கமான வைத்தியத்தைச் செய்தேன். அங்கே மெஷின் கிளம்பாமல் அடம்பிடித்தால், வைத்திருக்கும் டிகிரியைச் சட்டென்று இறக்குவோம், உடனே ஓட ஆரம்பிக்கும். இங்கேயும் இருபதுக்கு இறக்கினேன். டிக் என்று ஒரு சத்தம், போர்வை சூடேறியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண் ஏறியது. நூறு வந்தது, நூற்றைம்பது வந்தது, நிற்கவில்லை. சரி, அதிகமாகிறது, இன்னும் இறக்குவோம் என்று பத்துக்கு இறக்கினேன். அது இருநூறைத் தாண்டியது. நான் பூஜ்யத்துக்கு இறக்கினேன். அதற்கு வீம்பு, எனக்கு அதைவிட வீம்பு. நான் கீழே போகப் போக அது மேலே போனது. மைனஸில் எதுவரை போக முடியும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அறை முழுக்கப் புகை. உங்கள் அத்தை ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். நான் மூளையை அடகு வைத்தவன் மாதிரிப் போர்வையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். அதுதான் மேலே சொன்ன கட்டைவிரல்.

உள்ளே இருந்தது நல்ல பலகை இல்லை, பழகுவதற்கு வைத்திருந்த மட்ட மரம், அந்த மட்டில் தப்பித்தோம். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, உங்கள் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியோடு வந்த காகிதத்தைப் படித்தாள், அப்புறம் பெட்டியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வைத்த டிகிரிக்கு மேலே சூடு இருந்தால் உடனே குளிர வைக்கச் சொல்லி நான்தான் அதற்கு உத்தரவு போட்டிருக்கிறேன். அதுவும் பாவம், சொன்ன பேச்சுக் கேட்டு, குளிர வைப்பதாக நினைத்துக்கொண்டு போர்வையை முடுக்கியிருக்கிறது. எவ்வளவு சூடோ அவ்வளவு மும்முரமாக வேலை செய்திருக்கிறது.

"நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. உங்க கைக்குத்தான் யாரும் சொல்லல போல," என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. ஏனென்றால் குற்றம் மரத்தின் மேலும் இல்லை, உங்கள் பெட்டியின் மேலும் இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷமே எனக்குக் கை பரபரத்தது. சூடு என்று மாற்றினேன், மாற்றியதை உங்கள் அத்தை சரிபார்த்தாள், நல்ல ஈட்டி மரப் பலகை இரண்டில் ஒன்றை எடுத்து ஈரம் தெளித்துச் சுற்றி அச்சில் வைத்தேன். மாப்பிள்ளை, அந்த ஜோடிதான் கைவசம் இருந்த ஒரே ஜோடி, இது போனால் அடுத்த மாதம் கிடார் கிடையாது. எண் ஏறி நூற்றைம்பதில் வந்து நின்றது. டிக் என்று அணைந்தது, டிக் என்று எரிந்தது, ஒரு டிகிரி அங்கே இங்கே நகரவில்லை. இடுப்பை அழுத்தும் திருகை மெல்லத் திருகினேன். ஒடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒடியவில்லை. தூங்கும் குழந்தையின் கை மாதிரி மரம் தன் பிடியை விட்டுவிட்டது, அவ்வளவு சுலபமாக வளைந்து வந்தது. நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாக இந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரிந்தவன் நான்.

மறுநாள் இரண்டாவது பலகை. இந்த முறை ஒரு தப்புக்கும் இடம் தரக்கூடாது என்று, முதல் பலகையை எப்படி வைத்தேனோ இம்மி பிசகாமல் அப்படியே வைத்தேன். பளபளப்பான முகம் அதே மாதிரி மேலே, சரிவாகச் சீவிய ஓரம் அதே மாதிரி என் பக்கம். அதுவும் வெண்ணெயாக வளைந்தது. இரண்டும் இப்போது கட்டப்பட்டு ஆறிக்கொண்டிருக்கின்றன. கட்டை அவிழ்ப்பதற்குள் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரரிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் அப்பாவுக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.

மகள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நீங்கள் மேடைப் பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இருவரும் நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க, சுகமான இடது கட்டைவிரலோடும் சுகமில்லாத வலது கட்டைவிரலோடும் சேர்த்து ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கட்டுகளை அவிழ்த்து இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்த்தோம். இம்மி பிசகாமல் ஒரே மாதிரி வைத்ததால் இரண்டுமே இடப்பக்கமாகப் போய்விட்டன. இரண்டு செருப்பும் இடது காலுக்கே செய்த மாதிரி. இரண்டாவதைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். வளைத்ததை இனி மாற்ற முடியாது. ஆகவே அந்தக் கடைக் கிடாரை இன்றைக்கே வாங்கிவிடுங்கள், உங்கள் அப்பா சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். நான் தளரவில்லை. இரண்டு இடப்பக்கம் இருக்கிறது, இன்னும் இரண்டு வலப்பக்கம் வளைத்தால் ஒன்றுக்கு இரண்டு கிடார். இரண்டாவது யாருக்கு என்றுதான் யோசித்தேன். "எனக்குத்தான். இவ்வளவு புகையைத் தின்னவளுக்கு ஒரு கிடார் கிடையாதா?" என்று கேட்டாள் உங்கள் அத்தை. நேற்றே யாரிடமோ விசாரித்து கிடார் வகுப்பில் சேர்ந்தும் விட்டாளாம். முதலாவது அவளுக்கு, இரண்டாவது உங்களுக்கு. அவசரமில்லையே, மாப்பிள்ளை? உங்களிடம்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே.