மேலாளரின் வலது காது

உழைப்பை அளக்கும் கருவியை மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து தேடிவந்தது. அது எங்கள் மேலாளரின் தலையில், வலப்பக்கத்தில் இருந்தது.

கண்டுபிடிப்பு நிகழ்ந்தபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன் என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன். மருந்து நிறுவனங்களுக்கு லேபிள் தயாரித்துக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. அன்று வடிவமைப்பாளர் மீசைக்காரர் கனமான படம் ஒன்றைக் கணினியில் ஏற்றிவிட்டு முகம் சுளித்தார்.

"சார், இந்த லேப்டாப் கீச்சுகீச்சுனு கத்துது. வேற குடுங்க."

மேலாளர் குனிந்து வலது காதை வைத்தார். கண்களை மூடினார்.

"கத்தலப்பா. உழைக்குது."

மறுநாளே 'செவிவழி உழைப்பு மதிப்பீடு' அமலுக்கு வந்தது. தினமும் மதியம் மேலாளர் மேசை மேசையாகக் காது வைத்தார். கேட்பதற்கு இடைஞ்சல் என்று ஏசி நிறுத்தப்பட்டது. இதனால் உழைப்புக்கு வியர்வை என்ற இரண்டாவது சான்றும் கிடைத்தது.

நான் லேபிள்களைப் படிப்பவள். மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். படிக்கிற வேலைக்குக் கணினி மூச்சுகூட விடுவதில்லை. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆவதும் ஆகாததும் இனி அந்தக் காதின் கையில்.

இயற்பியல் படித்த தைரியத்தில், கூட்டத்தில் முதல்முறையாக வாய் திறந்தேன்.

"சார், உள்ள சின்னச் சின்னக் கம்பிச்சுருள் இருக்கு. கணினிக்கு வேலை கூடினா கரண்ட் ஏறி இறங்கும், சுருள் அதிரும். அந்தச் சத்தம்தான். நல்ல வேலையா வெட்டி வேலையான்னு சுருளுக்குத் தெரியாது சார்."

"ஆக, வேலை நடந்தாதான் சத்தம் வரும்னு விஞ்ஞானமே சொல்லுது!" என்றார் மேலாளர். எல்லோரும் கை தட்டினார்கள்.

அலுவலகம் புத்துயிர் பெற்றது. மீசைக்காரர் திரையில் ஒரு லட்சம் மீன்களை நீந்தவிட்டார். ஒவ்வொரு செதிலுக்கும் தனித்தனியே நிழல் விழுந்தது. கணக்காளர் அம்மா உலகின் மிகப் பெரிய பகா எண்ணைத் தேடத் தொடங்கினார். பில் போட அவருக்கு நேரமில்லை.

"உனக்கும் மீன் தரட்டுமாம்மா?" என்றார் மீசைக்காரர்.

"மீன் ஓடினா லேபிள் திறக்காதே அண்ணா."

"லேபிளை யாரு கேக்குறா?"

வீட்டில் அக்காவும் விசாரணை நடத்தினாள். "நீதான் பொறந்ததுலேருந்து வாய் திறக்கல. உன் லேப்டாப்புமாடி? ரெண்டு மீனை ஓடவிட்டா கொறஞ்சா போயிடுவ?"

என் மதிப்பீட்டு நாள் வந்தது. காலையில் பச்சைக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்து லேபிள் கைக்கு வந்திருந்தது. '0.5 மில்லி' இருக்க வேண்டிய இடத்தில் '05 மில்லி' இருந்தது. நடுவில் புள்ளியைக் காணோம். அரை மில்லி ஐந்து மில்லியாகியிருந்தது. சிவப்பு மையில் புள்ளியை வைத்து வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்தார்.

"சார், இதுல..."

"ஷ்ஷ்." காதை வைத்தார்.

"புள்ளி விட்டுப்போச்சு சார்..."

"பேசாதம்மா. உன்னை எப்படியாவது காப்பாத்தலாம்னு பாக்குறேன். கேக்கவிடு."

"குழந்தைங்க மருந்து சார்! பத்து மடங்கு!"

என் குரல் அவ்வளவு உயர்ந்து நானே கேட்டதில்லை. அறையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் நிமிர்ந்தார். உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"நீதாம்மா கத்துற. லேப்டாப் கத்தலையே."

என் இடத்தில் இப்போது மீன் ஓடும் லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஆள் கிடையாது. அருமையாகக் கீச்சிடுகிறதாம். சென்ற மாதம் 'சிறந்த ஊழியர்' விருதும் அதற்கே. நான் புள்ளி வைத்துவிட்டு வந்த தாளை மடித்து அதற்கடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் இன்னும் நன்றாக எழுகிறது என்று மீசைக்காரர் சொன்னார். சொட்டு மருந்து லேபிள் அச்சாகிக் கடைகளுக்கும் போய்விட்டதாம்.

ஆகவே, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் முன் லேபிளைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பாட்டிலைக் காதில் வைத்துப் பாருங்கள். கீச்சென்று கேட்டால், எங்கள் அலுவலகத்தில் சரிபார்த்தாகிவிட்டது.